இலையில் இடம் பெறாத காய்கள்

ஒரு சமுதாயத்தின் உணவு வரலாற்றை எழுதப் புகுவோர் அது விளைவித்தவற்றையும் விற்றவற்றையும் உண்டவற்றையும் தேடித் தொகுக்கின்றனரே அன்றி, அது உண்ண மறுத்தவற்றை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. விளைச்சலுக்கு வரிக்கணக்கு உண்டு, வாணிகத்துக்குச் சுங்கக்கணக்கு உண்டு, கோயில் அமுதுபடிக்குக் கல்வெட்டு உண்டு. ஒருவர் இலையோரத்தில் ஒதுக்கிவைத்த கத்தரிக்காய்க்கோ, ஒரு வீட்டின் அடுப்பில் மூன்று தலைமுறையாக ஏறாத முள்ளங்கிக்கோ எந்த ஏட்டிலும் பதிவு இல்லை. எனினும் தமிழகத்து வீடுகளில் இம்மறுப்புகள் காரணமின்றித் தோன்றியவை அல்ல. 'எனக்கு ஆகாது' என்று ஒருவர் சொல்லும் தனிப்பட்ட வெறுப்பு, நாளடைவில் 'நம் வீட்டில் சேர்ப்பதில்லை' என்னும் குடும்ப வழக்கமாகிப் பின்னர்ச் 'சேர்க்கக் கூடாது' என்னும் விதியாக உயர்வதுண்டு; விதியின் காரணம் மறந்துபோன பிறகு அது மீண்டும் ஒருவருடைய நாக்கின் விருப்பு வெறுப்பாக இறங்கி வருவதும் உண்டு. இந்த ஏற்ற இறக்கங்களைப் பின்தொடர்ந்து பார்த்தால், எந்தக் காய் வெளியிலிருந்து வந்தது, அதை யார் ஐயத்துடன் நோக்கினர், யாருக்கு மறுக்கும் உரிமை இருந்தது என்பவை ஓரளவு தெளிவாகின்றன.

இவ்விலக்குகளுள் காலத்தால் முந்தியவை பூண்டையும் வெங்காயத்தையும் பற்றியவை. மனுநூலின் ஐந்தாம் அத்தியாயம் இவ்விரண்டையும் காளானையும் இருபிறப்பாளருக்கு ஆகாதவை என்று விலக்குவதோடு, மரங்களில் வடியும் சிவந்த பிசினையும் அதே பட்டியலில் சேர்க்கிறது. சிவப்பு நிறத்தின் மீது அமைந்த இந்த ஐயம் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் வேறு காய்களின் மீதும் படிந்தமையால் இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவில் பயணம் செய்த சீனத் துறவி பாஹியான், மத்திய தேசத்து மக்களுள் சண்டாளர் எனப்பட்டோர் நீங்கலாக எவரும் வெங்காயமும் பூண்டும் உண்பதில்லை என்று எழுதினார். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், அவற்றை உண்போர் ஊருக்கு வெளியே தள்ளப்படுவதாகக் குறித்தார். இருவரும் புத்தத் துறவிகள் ஆதலால், தாம் காண விரும்பிய ஒழுக்கத்தையே மிகுதியாகக் கண்டிருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்தே இக்குறிப்புகளைப் படிக்க வேண்டும்.

விலக்கு வலுவாக இருந்த காலத்திலேயே அதைக் கடக்கும் வழிகளும் தேடப்பட்டன என்பதற்குச் சிறந்த சான்று, 1890-இல் மத்திய ஆசியாவின் குச்சா பகுதியில் கிடைத்து, அதை வாங்கிய ஆங்கிலப் படை அலுவலரின் பெயரால் பவர் சுவடி என வழங்கும் தொகுப்பில் உள்ளது. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அச்சுவடியின் முதல் மருத்துவப் பகுதி பூண்டின் பெருமையையே பேசுகிறது. திருமாலால் தலை வெட்டுண்ட அசுரனின் குருதித் துளியிலிருந்து பூண்டு பிறந்தது என்றும், அதனால்தான் அந்தணர் அதைத் தொடுவதில்லை என்றும் சொல்லும் அந்நூல், உடனே ஒரு மாற்று வழியையும் கூறுகிறது: பசுவுக்கு மூன்று இரவு புல்லைக் குறைத்துப் பின்னர்ப் பூண்டுத் தாள் கலந்த தீனியைக் கொடுத்தால், அப்பசுவின் பாலையும் தயிரையும் நெய்யையும் அந்தணர் உட்கொள்ளலாம். பூண்டின் பயனை ஏற்று அதன் உருவத்தை மட்டும் மறுக்கும் இந்த ஏற்பாடு, உணவு விலக்குகள் எக்காலத்தும் எவ்வளவு நெகிழ்வோடு இயங்கின என்பதைக் காட்டுகிறது.

தமிழகத்தில் இவ்விலக்குகளின் முழுப் பட்டியலைக் காண வேண்டுமாயின் அந்தணர் வீட்டுத் திவசச் சமையலைத்தான் பார்க்க வேண்டும். திவசம் என்பது இறந்த பெற்றோர்க்கு அவர்கள் மறைந்த திதியில் ஆண்டுதோறும் செய்யும் சிராத்தச் சடங்கு. அன்று முன்னோர் இடத்தில் அமர்த்தப்படும் அந்தணர்க்கு இடும் உணவே சடங்கின் மையம். அவ்வுணவில் மிளகாய் இல்லை, காரத்துக்கு மிளகு. பெருங்காயமும் சேராது. பயத்தம்பருப்பும் உளுந்தும் சீரகமும் நெய்யும் எள்ளும் முதலிடம் பெறுகின்றன. வாழைக்காய், அவரைக்காய், கொத்தவரங்காய், புடலங்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, பலாக்காய் ஆகியவை வரலாம்; பிரண்டைத் துவையல் வந்தே ஆக வேண்டும். வசிட்டர் வீட்டுச் சிராத்தத்துக்கு வந்த விசுவாமித்திரர் ஆயிரத்தெட்டுக் காய்கறிகள் கேட்டதாகவும், பாகற்காய்க்கு நூறும் பிரண்டைக்கு முந்நூறும் பலாவுக்கு அறுநூறும் மதிப்பு உண்டென்று சொல்லி, இவற்றோடு வேறு எட்டுக் காய்களைச் சேர்த்து அருந்ததி அக்கணக்கை நிறைவு செய்ததாகவும் வழங்கும் கதை, கசப்பும் நமைச்சலும் உடைய இக்காய்களுக்கு உயர்வு தேடிக்கொடுக்கிறது. குழந்தைகள் முகம் சுளிக்கும் பாகற்காயும், நாக்கை அரிக்கும் பிரண்டையும் இங்கே மதிப்பில் முதல் வரிசையில் நிற்க, சுவைக்காக எல்லோரும் நாடும் முருங்கைக்காயும் பல வீடுகளில் கத்தரிக்காயும் வாசற்படிக்கு வெளியே நிற்கின்றன.

மிளகாய் இல்லாமை இப்பட்டியலின் வயதை ஓரளவு உணர்த்துகிறது. அமெரிக்கக் கண்டத்தின் செடியாகிய மிளகாய், போர்த்துக்கீசியர் 1498-இல் கள்ளிக்கோட்டையில் கால்வைத்த பின்னரே, பதினாறாம் நூற்றாண்டில் இந்நாட்டில் பரவியது. அதற்கு முன் மிளகும் திப்பிலியும் இஞ்சியுமே தமிழர்க்குக் காரம். அன்றாடச் சமையலில் மிளகாய் முழு வெற்றி பெற்றுவிட்ட பின்னரும் முன்னோர்க்கு இடும் இலையில் அது இன்னும் நுழையவில்லை. வைணவக் கோயில்கள் பலவற்றின் மடைப்பள்ளியிலும், அதாவது இறைவனுக்கு அமுது சமைக்கும் அடுக்களையிலும், மிளகே ஆட்சி செய்கிறது. புரி சகந்நாதர் கோயிலின் மகாபிரசாதத்தில் உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோசு, காலிஃப்ளவர், பச்சைமிளகாய் ஆகியவை சேர்க்கப்படாமையும் இத்தகையதே. ஆகவே, இறந்தோரும் இறைவனும் உண்ணும் உணவில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சமையலின் ஒரு பகுதி அழியாமல் நிற்கிறது எனலாம்.

ஆனால் இவ்விதிக்கு ஒரு விந்தையான விதிவிலக்கும் உண்டு. உருளைக்கிழங்கைப் போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு திவச இலையில் தடையின்றி ஏற்கப்படுகிறது. வள்ளி என்னும் காட்டுக்கிழங்கு தமிழர்க்கு மிகப் பழைய உணவு. பறம்பு மலை உழாமலே தரும் நான்கு விளைபொருள்களுள் அதையும் ஒன்றாகப் புறநானூற்றின் 109-ஆம் பாடலில் கபிலர் எண்ணுகிறார். நன்கு அறிந்த கிழங்கின் உருவத்தோடும் இனிப்போடும் வந்த புதியது, பழையதன் உறவாகவே எண்ணப்பட்டு உள்ளே நுழைந்திருக்க வேண்டும். உருளைக்கிழங்குக்கு அப்படி ஓர் உறவு இங்கே கிடைக்கவில்லை. அது வெள்ளைக்காரர் தோட்டத்துப் பொருளாகவே அறிமுகமாயிற்று. பட்டியலை வகுத்தவர்கள் தாவரநூல் அறிந்து வகுக்கவில்லை என்பதும், அயலது எனக் கண்ணுக்குப் பட்டதையே விலக்கினர் என்பதும் இவ்விரு கிழங்குகளின் வேறுபட்ட கதியால் விளங்குகின்றன.

உருளைக்கிழங்கு தமிழ் மண்ணில் பெரும்பயிராக வேரூன்றியது நீலகிரியில். கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சலிவன் 1819-இல் மலையேறிச் சென்று, 1822-இல் உதகையில் கல்வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கியதோடு, தம் நாட்டுக் காய்களையும் கனிகளையும் அங்கே பயிரிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் மலையில் குடியேறிய ஐரோப்பியர், தமக்கு மலிவாகக் காய்கறி கிடைக்க வேண்டும் என்று சந்தா சேர்த்து அமைத்த தோட்டமே, 1848-இல் வில்லியம் கிரகாம் மக்ஐவர் பொறுப்பேற்ற பின்னர் உதகைத் தாவரவியல் பூங்காவாக வளர்ந்தது. கேரட், பீட்ரூட், முட்டைக்கோசு, நூல்கோல், பீன்ஸ் என்று அங்கு விளைந்தவை முதலில் பாளையங்களுக்கும் துரைமார் பங்களாக்களுக்கும் போயின. மலைப்பாதைகளும் 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் எட்டிய மலை இரயிலும் அவற்றைச் சமவெளிச் சந்தைகளுக்குக் கொண்டுவந்தபோது, மக்கள் அவற்றை 'இங்கிலீஷ் காய்' என்றும், ஏற்கெனவே இருந்தவற்றை 'நாட்டுக்காய்' என்றும் இரு கூறாக வகுத்துக்கொண்டனர். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட சௌசௌவுக்குச் 'சீமைக் கத்தரிக்காய்' என்றும் 'பெங்களூர்க் கத்தரிக்காய்' என்றும் பெயர்கள் அமைந்ததும் இவ்வகுப்பின் பயனே.

இங்கிலீஷ் காய்களுள் தக்காளியும் பீட்ரூட்டும் மிகுந்த வெறுப்புக்கு உள்ளாயின. அறுத்தால் சிவந்த சாறு வடிவதும், சமைத்தால் குழம்பு முழுவதும் செந்நிறம் ஏறுவதும் புலாலை நினைவூட்டின என்பதே மரக்கறி உண்போர் சொன்ன காரணம். வங்காளத்து வைணவரும் கைம்பெண்களும் மசூர்ப்பருப்பை ஒதுக்கியதற்கும் அதன் சிவப்பையே காரணமாகக் காட்டினர். 1889 முதல் 1893 வரை ஜார்ஜ் வாட் வெளியிட்ட இந்திய விளைபொருள் அகராதி, தக்காளி இன்னும் பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிராவதாகவும், உள்நாட்டார் அதை அப்போதுதான் விரும்பத் தொடங்கியிருப்பதாகவும், வங்காளியரும் பர்மியரும் அதைப் புளிக்கறியில் சேர்ப்பதாகவும் குறிக்கிறது. இன்று தக்காளி இல்லாத தமிழ்ச் சமையலை எண்ணிப் பார்ப்பதே அரிதாகிவிட்ட நிலையில், இந்த மாற்றம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்ந்து முடிந்தது என்பது வியப்பூட்டுவதாகும்.

இவ்வெறுப்பைத் தமிழருடைய பிற்போக்கு என்று எண்ணுவோர், அதே காய்களை ஐரோப்பியர் எவ்வளவு காலம் மறுத்தனர் என்பதை அறிந்திருக்க வேண்டும். நிலத்தடியில் விளையும் உருளைக்கிழங்கு தொழுநோயைத் தரும் என்று அவர்களுள் பலர் அஞ்சினர். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் 1756-இல் அதைப் பயிரிடுமாறு அரசாணையே பிறப்பிக்க நேர்ந்தது. ரஷ்யாவில் 1840-களில் அதைக் கட்டாயப்படுத்தியபோது உழவர் கலகம் செய்தனர். சலிவன் உதகையில் உருளைக்கிழங்கு நட்ட காலத்தில், அதை ஏழு தலைமுறையாக உண்ட இனத்தவரின் பிரதிநிதியாக அவர் நிற்கவில்லை. அண்மையில் மனம் மாறியவர்களின் வழித்தோன்றலாகவே நின்றார்.

இதுவரை கூறியவை குழுவின் விலக்குகள். தனி மனிதரின் விருப்பு வெறுப்புக்குச் சமயமே ஓர் இடம் ஒதுக்கித் தந்த வழக்கம், காசி, கயை யாத்திரையோடு இணைந்தது. கயையில் முன்னோர்க்குப் பிண்டம் இட்டு முடித்தபின், அட்சயவடம் எனப்படும் அழியாத ஆலமரத்தின் கீழ், யாத்திரிகர் ஓர் இலை, ஒரு காய், ஒரு கனி ஆகியவற்றை இனி உண்பதில்லை என்று உறுதி கூறுகிறார். தமக்கு மிகவும் பிடித்ததையே விட வேண்டும் என்பது மரபு. பற்றை விடும் பயிற்சி நாக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அதன் கருத்து. சென்னையைச் சேர்ந்த ஏனுகுல வீராசாமி 1830-31-இல் பதினைந்து மாதங்கள் செலவிட்டுக் காசிக்குப் போய்த் திரும்பித் தெலுங்கில் எழுதிய யாத்திரை நூலைப் படிப்போர், அக்காலத்தில் அப்பயணம் எவ்வளவு அரியதாக இருந்தது என்பதை உணர்வர். காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863-இல் சத்திரம் அமைத்ததும், பின்னர் இருப்புப்பாதைகள் இணைந்ததும் அதை நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டச் செய்தன. அதன் பயனாக, கயையில் காய் விட்ட பெரியவர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் சில வட்டாரங்களில் அரிதாயிற்று.

இவ்வழக்கம் நடைமுறையில் எடுத்த வடிவம் மனித இயல்பைக் காட்டும் அழகுடையது. கத்தரிக்காயையும் மாம்பழத்தையும் மனமாரத் துறந்து, கடைசி நாள் வரை அவற்றின் மணத்தோடு வாழ்ந்தவர்கள் உண்டு. அவர்களுடைய உறுதி மதிக்கத்தக்கது. சிறுவயது முதல் தொண்டைக்குள் இறங்காத பாகற்காயையோ, தம் ஊரில் கிடைக்கவே கிடைக்காத ஒரு கனியையோ விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. பின்னவர்களை ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்குவது முறையன்று. எதைப் படைத்தாலும் மறுபேச்சின்றி உண்ண வேண்டும் என்றே வளர்க்கப்பட்ட ஒருவர், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, தமக்குப் பிடிக்காத ஒன்றை இனி எவரும் தம் இலையில் இட முடியாதபடி செய்துகொள்ள ஒரு புனித மரத்தின் துணையை நாடினார் என்றால், அவருக்கு அதற்கு முன்பு அந்த உரிமை கிடைத்ததில்லை என்பதே பொருள். சிறப்பாகப் பெண்களுக்கு இது பொருந்தும். வீட்டுத் தலைவர் 'ஆகாது' என்று சொன்ன காய் அடுக்களைக்குள் வருவதில்லை. சமைத்தவளுக்கு ஆகாதது எது என்று கேட்கும் வழக்கமோ இல்லை. கைம்பெண்ணுக்கோ ஒருவேளைச் சோறும் நீண்ட விலக்குப் பட்டியலும் பிறரால் விதிக்கப்பட்டன. அவள் மறுத்தவை எல்லாம் அவளுடைய வெறுப்புகள் அல்ல. அவற்றுள் பல அவளுக்கு மிகப் பிடித்தவையாக இருந்திருக்கும்.

ஆண்டுதோறும் நான்கு திங்கள் நோற்கப்படும் சாதுர்மாசியம், குழுவின் நிலையான விலக்குக்கும் கயையில் தனி மனிதர் கூறும் உறுதிக்கும் இடைப்பட்ட ஒன்று. தமிழகத்து மாத்துவர் வீடுகளில் இன்றும் இது பேணப்படுகிறது. முதல் திங்களில் காய்கறிகளும், இரண்டாவதில் தயிரும், மூன்றாவதில் பாலும், நான்காவதில் இருபிளவுள்ள பருப்புகளும் விலக்கப்படுகின்றன. எல்லோரும் ஒரே காலத்தில் விட்டு ஒரே நாளில் மீண்டும் தொடங்குவதால், தனி வெறுப்புக்கு இங்கே இடமில்லை.

சிராத்த இலைக்கு நேர் எதிரான கொள்கை ஒன்று பிற தமிழ்ச் சமூகங்களின் படையலில் காணப்படுகிறது. படையல் என்பது இறந்தோர் நினைவு நாளிலோ பண்டிகைக்கு முன்னோ அவர்களுக்கு உணவிட்டு வழிபடுவது. அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றே: போனவருக்கு எது பிடிக்கும்? கருவாட்டுக் குழம்பு பிடித்தவர்க்குக் கருவாடும், சுருட்டுப் பிடித்தவர்க்குச் சுருட்டும், கள் அருந்தியவர்க்குக் கள்ளும் இலைக்கு வருகின்றன. அவர் வாழ்நாளில் தொடாத காயை அன்று சமைப்பதில்லை. ஒரு முறை இறந்தவரின் தனிச் சுவையைத் துடைத்து அவரைப் பொதுவான முன்னோருள் ஒருவராக்குகிறது. மற்றொன்று அவருடைய விருப்பையும் வெறுப்பையும் அப்படியே காத்து, அவரை அவராகவே அழைக்கிறது. வைதிக நூல்களில் விதி பெறாத காரணத்தால் இரண்டாவது முறையைத் தாழ்வாக எண்ணிய காலம் உண்டு. ஆனால் ஒரு மனிதரின் நாக்கை இத்தனை ஆண்டுகள் நினைவில் வைத்திருக்கும் அன்பை எந்தச் சடங்கு நூலும் விதித்து உண்டாக்கிவிட முடியாது.

மறுப்பதற்கு முதலில் உணவு வேண்டும் என்பதையும் இவ்வரலாறு மறக்கலாகாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தில், நிவாரணப் பணியாளர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமே போதும் என்று, பஞ்சப் பணியை மேற்பார்க்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் 1877-இல் கூலியைக் குறைத்தபோது, மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். வேர்களையும் கற்றாழையையும் புளியங்கொட்டையையும் தின்று உயிர் காத்தவர்களுக்குப் பிடித்தது, பிடிக்காதது என்னும் பேச்சே இல்லை. வானம் பார்த்த கரிசல் சீமைகளில் நல்ல ஆண்டிலும் கம்பும் சோளமும் கேழ்வரகுமே அன்றாட உணவு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியது. 1960-களின் பிற்பகுதியில் குட்டை நெல் வகைகளும், தொடர்ந்து பங்கீட்டுக் கடைகளின் மலிவு அரிசியும் பரவியபோது, அம்மக்களின் பிள்ளைகள் களியையும் கூழையும் வெறுத்து ஒதுக்கினர். அவ்வெறுப்பு நாக்கில் பிறந்ததன்று. பள்ளியில் கம்பஞ்சோற்றுத் தூக்கைத் திறக்கக் கூசிய பிள்ளையின் அவமானத்தில் பிறந்தது. இன்று அதே தானியங்களை நகரத்துக் கடைகள் உயர்ந்த விலைக்கு விற்கும்போது, விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்பதையும் நினைப்பது நேர்மையாகும்.

இங்கிலீஷ் காய்களின் மீதிருந்த விலக்கை உடைத்ததில் உணவு விடுதிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உடுப்பியாரும் பிறரும் நடத்திய சைவ விடுதிகளில், வெங்காயமும் உருளைக்கிழங்கும் சேர்ந்த மசாலா, தோசைக்குள்ளும் பூரியின் அருகிலும் இடம் பிடித்தது. வீட்டில் வெங்காயம் நறுக்கியறியாத குடும்பத்து இளைஞர்கள் வெளியே அதை உண்டு பழகி, பின்னர் வீட்டிலும் கேட்டனர். தாய்மார் முதலில் தனிப் பாத்திரத்திலும், அடுத்துப் பொதுப் பாத்திரத்திலும் சமைத்தனர். விலக்கு அமாவாசை, ஏகாதசி, திவசம் என்று நாள்களுக்குள் சுருங்கிற்று.

சுருங்கினாலும் அது மறையவில்லை. சென்னை மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் திருவரங்கத்திலும் திவசச் சமையலையே தொழிலாகக் கொண்ட சமையற்காரர்கள், ஒரு வீட்டுக்கு முதன்முறை போகும்போது எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று கேட்டறிந்தே காய் நறுக்குகின்றனர்; பூசணியும் புளியும் வீட்டுக்கு வீடு வேறுபடும். இவ்வேறுபாடுகள் பெரும்பாலும் மூத்த பெண்களின் நினைவில் மட்டுமே இருப்பதால், அவற்றை மாவட்டம் மாவட்டமாக எழுதித் தொகுக்கும் பணி இனியும் காத்திருக்கலாகாது. இதனிடையே சந்தையில் மற்றொரு வகுப்பு உருவாகிவிட்டது. தடித்த தோலும் குறைந்த புளிப்பும் உடைய கலப்பின வகையைப் 'பெங்களூர்த் தக்காளி' என்று ஒதுக்கும் சமையலறைகள், ரசத்துக்கு 'நாட்டுத் தக்காளி'தான் வேண்டும் என்று கேட்டு வாங்குகின்றன. நூறாண்டுக்கு முன் சீமைப் பொருளாக ஐயுறப்பட்ட அதே பழத்துக்கு நாட்டுக்காய் என்னும் தகுதி சந்தையில் கிடைத்துவிட்டது. திவச நாளுக்கு அத்தகுதி இன்னும் செல்லாது. அன்று வைக்கப்படுவது மிளகு ரசமே.